கறுப்பு எவ்வளவு பெரியது?

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், அந்தப் பெண் குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கண்ணை மூடியிருந்த துணிப்பட்டையை யாரும் கேட்காமலேயே கழற்றினாள்.

"முதல் வரிசைக்குத் தெரியக்கூடாதுக்கா. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

கண் மருத்துவமனையின் பின்பக்கம் இருந்த அந்தச் சின்ன அறைக்கு வருகிறவர்கள் வழக்கமாக வேறு மாதிரி கேட்பார்கள். பிள்ளைகள் பயப்படக்கூடாது என்பார்கள். வேலை கேட்டுப் போகிற இடத்தில் யாரும் உற்றுப் பார்க்கக்கூடாது என்பார்கள். முதல் வரிசை என்று ஒருவரும் சொன்னதில்லை. செயற்கைக் கண்ணுக்கு வண்ணம் தீட்டும் கண்ணக்கா தூரிகையைத் துடைத்தபடி, "எந்த முதல் வரிசை?" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு கேள்வி வருவதே அபூர்வம்.

வந்தவள் ஊமை நாடகத்தில் நடிப்பவள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, புருவத்துக்கும் உதட்டுக்கும் கறுப்புக் கோடு, உடம்பில் கறுப்புச் சட்டை. நாடகம் முடியும்வரை ஒரு சொல் கிடையாது. கடைசிக் காட்சியில் ஒரு முக்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் நடிக்கும். அந்தக் காட்சிக்காகவே இரண்டாம் முறை வருகிறவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு முன் மேடைத் திரைச்சட்டத்தின் சுருள்கம்பி ஒன்று தெறித்து இடது கண்ணில் அடித்துவிட்டது. கண்ணை எடுக்கவேண்டியதாயிற்று. புண் ஆறிவிட்டது. இடையில் அவள் வேடத்தை இன்னொரு சின்னப்பெண் பழகிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அடிபட்டதுலேர்ந்து எங்க தலைவர் வெளியூர்லதான், எந்தக் கண்ணுன்னு அவருக்குத் தெரியாது. போன்லயே ஒரே பேச்சா சொல்லிட்டாருக்கா. 'புதுக் கண்ணோட வா. நான் முதல் வரிசையில உக்காருவேன். எது பொய்க் கண்ணுன்னு நான் கண்டுபிடிச்சிட்டா வேஷம் அவளுக்கு. கண்டுபிடிக்க முடியலேன்னா உனக்கு'ன்னு. அடுத்த மாசம் நாடகம். பேசறதுக்கு வாய் இருக்கறவங்க எந்த வேஷமும் போடலாம். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

கண்ணக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். அவளுடைய வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேன் நிறம். குழுவில் அவளைப் பூனைக்கண்ணி என்றுதான் கூப்பிடுவார்களாம். அடர்ந்த பழுப்புக் கண்ணில் கருமணி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். தேன் நிறத்தில் கறுப்பு அப்பட்டமாகத் தெரியும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

"என்னக்கா, இப்படிப் பாக்கறீங்க? நான் எதாவது திருடிட்டுப் போயிடுவேனா?"

கண்ணக்கா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பொதுவாக மற்றவர் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். கண்ணக்காவின் கதை தலைகீழ். ஆளைப் பார்க்கக் கூசும். கண்ணைப் பார்க்கக் கூசாது. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவர் வண்டியில் ஏறினால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பயணிகளைப் பார்த்தபடி இருக்கும் இடத்தில்தான் உட்காருவாள். ஒருமுறை ஒரு மனிதரை நாலைந்து நிறுத்தம்வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவர் முதலில் தலைமுடியைச் சரிசெய்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்தார். கடைசியில் எழுந்து அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "நாம முன்னாடி எங்கயாவது பழகியிருக்கோமா?" என்று கேட்டேவிட்டார். கண்ணக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "உங்க வெள்ளை மஞ்சளா இருக்குங்க. டாக்டரைப் பாருங்க," என்று மட்டும் வந்தது. மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். வீடு போய்ச்சேரும்வரை கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம் நீ," என்றார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அவள் முதலில் போனது பொம்மைத் தொழிற்சாலைக்கு. அங்கே அவளுக்கு விழுந்த வேலை கண் வைப்பது. வெள்ளையில் ஒரு பொட்டு. அது காய்ந்ததும் மேலே கறுப்பில் ஒரு பொட்டு. கறுப்பின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு மறுபடியும் வெள்ளை. அந்தக் கடைசிப் புள்ளி விழுந்ததும்தான் பொம்மை விழித்துக்கொள்ளும். வெள்ளை ஒரு டப்பாவில், கறுப்பு ஒரு டப்பாவில். ஒன்றில் மற்றது ஒரு சொட்டு கலந்தாலும் மேற்பார்வையாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். பொம்மைக் கண்களை அச்சடித்து ஒட்ட ஆரம்பித்ததும் அந்த வேலை போயிற்று. கை நடுங்காத ஆள் வேண்டும் என்று கண் மருத்துவமனையில் தேடிக்கொண்டிருந்தார்கள். கை நடுங்காது, மற்றபடி உடம்பெல்லாம் நடுங்கும் என்கிற நிலையில் அவள் உள்ளே போனாள்.

முதன்முதலில் அவள் தீட்டிய கண் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு. பார்த்துப் பார்த்துச் செய்தாள். எல்லாம் முடிந்ததும் கை பழகின பழக்கத்தில் கருமணியின் ஓரத்தில் அந்த வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டாள். பொம்மைக்குக் கண் வைத்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தபால்காரர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"கண்ணு அழகாத்தாம்மா இருக்கு. ஆனா எப்பப் பாத்தாலும் இப்பத்தான் நல்ல சேதி கேட்ட மாதிரி மின்னுது. நேத்து ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் அழுதுகிட்டு இருக்கு, அந்தப் பக்கம் கும்மாளம் போடுது. செத்துப்போனவரோட மச்சான் என்னையவே மொறச்சுக்கிட்டு நின்னாரு."

அன்றுதான் கண்ணக்கா கண்ணாடியின் முன் போய் நின்று தன் கண்ணில் மினுக்கு எங்கே இருக்கிறது என்று தேடினாள். விளக்கை இடப்பக்கம் வைத்தால் இடப்பக்கம் மினுங்கியது. வலப்பக்கம் கொண்டுபோனால் கூடவே வந்தது. அணைத்தால் காணாமல் போயிற்று. அப்படியானால் அந்த வெள்ளைப் புள்ளி கண்ணுடையதே அல்ல, விளக்குடையது, ஜன்னலுடையது. பொம்மைகளுக்கு அத்தனை வருஷமாக அவள் வைத்துக்கொண்டிருந்தது கண்ணே இல்லை, எங்கேயும் இல்லாத ஒரு ஜன்னல்.

அதன் பிறகு அவளை ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது. கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை என்று முதலில் தெரிந்தது. பிறந்த குழந்தைக்கு அதில் லேசான நீலம் ஓடும். நாற்பது தாண்டினால் மஞ்சள் தட்டும். வெயிலில் அலைகிறவர்களுக்கு ஓரங்களில் பழுப்பு. எல்லோருக்கும் சிவப்பு நரம்பு. அதைச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து, இழையிலும் மெல்லிய இழையாக எடுத்து ஒட்டவேண்டும். அவள் மேசையில் வெள்ளை என்று எழுதிய புட்டிகள் ஒரு வரிசையே உண்டு. ஒன்றுகூட இன்னொன்றைப் போல இருக்காது. தூய வெள்ளைப் புட்டி மட்டும் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதை எடுத்துத் தீட்டினால் கண் பீங்கான் தட்டுபோல முழிக்கும்.

கறுப்புதான் அவளை வெகுநாள் அலைக்கழித்தது. எந்தக் கறுப்பை வைத்தாலும் சாயம் பூசினது போலவே இருந்தது. "அது நிறம் இல்லம்மா, ஓட்டை," என்று பெரிய டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஓட்டை என்றால் அது வழியாகத்தானே வெளிச்சம் உள்ளே போகிறது? வெளிச்சம் போகிற இடம் ஏன் கறுப்பாக இருக்கவேண்டும்? டாக்டரை நிறுத்திக் கேட்க வாய் வரவில்லை. ஒரு விடுமுறை நாள், உச்சிவெயிலில் கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாள். தெருவிலிருந்து பார்த்தால் திறந்திருந்த எல்லா ஜன்னலும் கறுப்பாக இருந்தன. அவள் வீட்டு ஜன்னலும்தான். ஆனால் அந்த அறையில்தான் கணவர் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க!" என்று தெருவிலிருந்தே கூப்பிட்டாள். அவள் குரல் அவ்வளவு உயரும் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் அதுவரை தெரியாது. "உள்ள வெளிச்சமா இருக்கா?"

"பட்டப்பகல்ல என்னடி கேள்வி இது?"

"எழுத்து தெரியுதா?"

"நல்லாத் தெரியுதே. ஏன், உனக்கு எதாவது படிச்சுக் காட்டணுமா?"

"உங்களத் தெரியலையே. கையை ஆட்டுங்க!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நாத்தனார், "இருபது வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத்தான் என் அண்ணனைத் தெரியலேன்னு கண்டுபிடிச்சிருக்கா!" என்று சிரித்தாள். கண்ணக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பதில் கிடைத்துவிட்டது. உள்ளே போன வெளிச்சம் அங்கேயே தங்கிவிடுகிறது. திரும்பி வருவது கொஞ்சம்தான். கறுப்பு என்பது உள்ளே ஒன்றும் இல்லை என்பதல்ல. உள்ளே ஆள் இருக்கலாம், செய்தித்தாள் படித்துக்கொண்டுகூட இருக்கலாம். மறுநாளிலிருந்து கருமணியை மேலே தீட்டாமல் அடியில் வைத்து, அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சை ஊற்றினாள். கறுப்பு ஆழமாகிவிட்டது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பூனைக்கண்ணியின் விஷயத்தில் அவள் தப்புச் செய்தாள்.

குழியின் அளவை மெழுகில் எடுத்து, கண்ணின் வெள்ளை ஓடு ஒன்றை வார்த்து, அந்தப் பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தேன் நிறத்தை அடுக்கடுக்காகத் தீட்டினாள். அந்த வாரம் முழுக்க மழை. வானம் மூடிக்கிடந்தது. வலது கண்ணின் கருமணி நல்ல மிளகு அளவுக்கு விரிந்திருந்தது. அதே அளவுக்கு இடது கண்ணிலும் வைத்தாள். பொருத்திப் பார்த்தபோது பக்கத்து அறைச் செவிலிகூட வந்து பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டுல எது பொய்?" என்று கேட்டாள். கண்ணை எடுத்தபோது டாக்டர் குழிக்குள் வைத்திருந்த உருண்டையோடு சேர்ந்து கண் நன்றாக அசையவும் செய்தது. பூனைக்கண்ணி கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, தனக்குத் தானே புருவத்தைத் தூக்கிக் காட்டி, துள்ளிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் வெள்ளைப் பூச்சு முகத்தோடு அப்படியே வந்து நின்றாள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை வீல் என்று அலறியது.

"அக்கா, கையோட என்கூட வாங்க. தலைவர் நாளன்னிக்குப் பாக்க வர்றாரு. இங்க நின்னு சொன்னா உங்களுக்குப் புரியாது."

ஒத்திகை அரங்கம் நடந்துபோகிற தூரம்தான். கண்ணக்கா அதுவரை மேடை விளக்குகளைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பூனைக்கண்ணி முக்காலியில் உட்கார, விளக்குப் பொறுப்பாளர் ஒவ்வொன்றாக ஏற்றினார். கண்ணக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வெளிச்சத்தில் வலது கண்ணின் கறுப்பு சுருங்கிச் சுருங்கிக் கடுகாகிவிட்டது. இடது கண்ணில் அவள் வைத்த மிளகு மிளகாகவே இருந்தது. ஒரு கண் வெயிலில் நிற்கிறது, இன்னொன்று இருட்டில் நிற்கிறது.

"தெரியுதுல்ல?" என்றாள் பூனைக்கண்ணி, தலையை அசைக்காமல்.

"தெரியுது. தப்பு என்னோடது. மழையைப் பாத்து வெச்சுட்டேன்."

"இன்னொண்ணும் பாருங்க. இந்தப் பூச்சுக்குப் பக்கத்துல கண்ணு ரெண்டும் துவைக்காத துணி மாதிரி இருக்கு. நீங்க செய்யறதை நல்லாப் பளிச்சுனு வெள்ளையா செஞ்சிடுங்களேன்."

"அப்போ மத்த கண்ணை என்ன பண்றது? அதையும் எடுத்துக் குடுத்தா வெளுத்துத் தர்றேன்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பூனைக்கண்ணி முக்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். "அக்கா, நீங்க ஊமைன்னு நெனச்சேன். வாயைத் தொறந்தா இப்படியா?" என்றாள். பிறகு கறுப்பு மைக்குச்சியை எடுத்து இரண்டு கண்ணைச் சுற்றியும் தடிமனாகக் கோடு இழுத்தாள். கோடு முழுதாகச் சுற்றி வந்ததும் துவைக்காத துணி வெளுத்துவிட்டது. கண்ணக்கா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி வந்து பார்த்தாள். வெள்ளையில் யாரும் கைவைக்கவில்லை. பக்கத்தில் கறுப்பு வந்து நின்றது, அவ்வளவுதான்.

அளவு மட்டும் மிச்சம் இருந்தது. அதே விளக்குகளுக்கு அடியில், வியர்வை வழிய, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடுகை அளந்தாள். ஆனால் கடைசிக் காட்சியில் விளக்கு மெல்ல மெல்ல மங்கும் என்று பூனைக்கண்ணி சொன்னபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மங்கினால் வலது கண்ணின் கறுப்பு விரியுமே? இடது கண் கடுகாகவே நிற்குமே? எந்த அளவை வைத்தாலும் ஏதோ ஒரு வெளிச்சத்தில் அது பொய்யாகிவிடும். கறுப்பு எவ்வளவு பெரியது என்று கேட்டால், எந்த வெளிச்சத்தில் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது.

"மங்க விடச் சொல்லுங்க," என்றாள் கண்ணக்கா.

விளக்கு இறங்கியது. முதல் வரிசையில் உட்கார்ந்து, வலது கண்ணின் கறுப்பு எப்போது விரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விரிந்திருக்கவேண்டும். ஆனால் அதற்குள் மேடை இருண்டு கண்ணக்காவுக்கே ஒன்றும் தெரியவில்லை. 'அவளுக்கு இருட்டினால் பார்க்கிற எனக்கும் இருட்டுகிறது!' உட்கார்ந்த இடத்திலேயே கண்ணக்கா தொடையைத் தட்டிக்கொண்டாள். கடுகு போதும்.

இரவு பகல் பார்க்காமல் செய்து, சொன்ன நாளுக்கு இரண்டாவது கண் தயாராகிவிட்டது. முதல் கண்ணைத் தூக்கிப் போடவேண்டாம், அதை வீட்டுக்கு வைத்துக்கொள், இது மேடைக்கு என்று கொடுத்தாள். "ஊர்ல எல்லாரும் வீட்டுச் செருப்பு, வெளிச் செருப்பு வெச்சிருப்பாங்க. நான் கண்ணையே அப்படி வெச்சிருக்கேன்," என்றாள் பூனைக்கண்ணி. குரலில் மட்டும் விளையாட்டு இல்லை. பூச்சு பூசும்போது அவள் கை ஆடியது. ஆடின வேகத்தில் வெள்ளைப் பொடி நல்ல கண்ணில் விழுந்தது. தேய்க்காதே என்று கண்ணக்கா சொல்வதற்குள் தேய்த்தும்விட்டாள்.

குழுத் தலைவர் பருத்த மனிதர். நாடகத்துக்கு வருமுன் தையற்கடை வைத்திருந்தவர். யாரைப் பார்த்தாலும் முதலில் தோள் அளவைத்தான் பார்ப்பார். முதல் வரிசையில் நடு நாற்காலியில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஓரத்தில் விளக்கு விசைகளுக்குப் பக்கத்தில் அந்த இன்னொரு சின்னப்பெண் நின்றிருந்தாள், தன் முறைக்குத் தயாராக, வெள்ளைப் பூச்சோடு. கண்ணக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

விளக்கு ஏறியது. பூனைக்கண்ணியின் கண்கள் இடமிருந்து வலம் போயின. ஏதோ ஒன்றைத் தேடின, கண்டன, இழந்தன. விளக்கு மங்கி அணைந்து, மறுபடி ஏறியது. தலைவர் முன்னால் குனிந்தார், பின்னால் சாய்ந்தார், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"என்னை மன்னிச்சுக்கம்மா. கண்டுபிடிச்சிட்டேன்."

பூனைக்கண்ணி அசையவில்லை. முக்காலியில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"வேலைல குத்தம் சொல்லமாட்டேன். நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா கலங்கிப்போய், செவந்து, உயிரே இல்லாம... இடது கண்ணு பேசுது, வலது கண்ணு சும்மா கூட வருது. அந்த வலது கண்ணுதானே பொய்?"

பூனைக்கண்ணி வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். சுவரோரத்திலிருந்து கண்ணக்காவின் மெல்லிய குரல் கேட்டது.

"ஐயா, அது நான் செஞ்சதில்லீங்க."

"பின்ன யாரு செஞ்சது?"

"அவங்க அம்மா."

தலைவர் விழித்தார். விசைப் பக்கத்தில் நின்ற சின்னப்பெண்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "சார், நீங்களே சொன்ன பந்தயம். தோத்துட்டீங்க," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பி, தன் பூச்சைத் துண்டால் துடைக்கத் தொடங்கினாள். "எனக்கும் அந்த முக்காலில உக்காந்தா கால் மரத்துத்தான் போகுது," என்று துண்டுக்குள்ளேயே சொன்னாள். தலைவர் அவளைப் பார்த்து, "உனக்கு வேற வேஷம் ஒண்ணு இருக்கு, நான் மறக்கலை," என்றார். பூனைக்கண்ணியிடம் திரும்பி, "வேஷம் உனக்குத்தான். ஆனா அந்த வலது கண்ணைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் கழுவு. மானத்தை வாங்குது," என்றார்.

அத்துடன் விட்டிருக்கலாம். அவரால் விடமுடியவில்லை. மேடைக்கு ஏறி வந்து, அவள் முகத்தருகே குனிந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, "எப்படிம்மா ரெண்டு கறுப்பும் ஒரே அளவா நிக்குது?" என்று கண்ணக்காவைக் கேட்டார். கண்ணக்கா ஒப்பனை மேசையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். சின்னப்பெண்ணைப் பார்த்து விசையை அணைத்து ஏற்றும்படி சைகை செய்தாள். தலைவர் கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்தார்.

"அட! சுருங்குது. ஏ, இன்னொரு தடவை அணை... போடு. அட, உள்ள ஏதோ ஜீவன் உக்காந்திருக்கற மாதிரி இருக்கே! இத்தனை வருஷமா இதை வெச்சுக்கிட்டா நான் ஊருக்கெல்லாம் அளவெடுத்தேன்?"

கண்ணைக் கழுவிக்கொண்டு வந்த பூனைக்கண்ணி மைக்குச்சியோடு பின்னால் காத்து நின்றாள். "சார், கண்ணாடியைக் குடுங்க. கோடு அழிஞ்சு போச்சு. ஒத்திகைக்கு நேரமாகுது."

"இரு, இரு," என்றார் தலைவர், நிமிராமல். "இன்னும் ஒரே தடவை."